வேதவல்லிக்குப் போட்ட இடம்

இதை எனக்கு முதலில் சொன்னது செங்கோல்மேரி, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தின் நாலாம் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து மாதா கோயிலில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது. பாயின் ஒரு முனை என் கையிலும் மறுமுனை அவள் கையிலும் இருக்க, குரலை ஏற்றாமல் இறக்காமல், "வேதவல்லிக்கு நான் போட்ட கர்ச்சீப் இன்னும் தண்டவாளத்து மேலயே நிக்குதுக்கா, வண்டி போயிடுச்சு, அது போகல" என்றாள், "காத்துல பறக்கலையா" என்று நான் கேட்டேன், "பறக்கல" என்றாள், பிறகு இருவரும் அடுத்த பாயைச் சுருட்டினோம்.

எங்கள் தோணிமேடு சின்ன ஸ்டேஷன், துறைமுகப் பட்டணத்துக்கு வடக்கே உப்பளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் பிளாட்பாரம் என்று பேருக்கு ஒரு மேடு. அதில் காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு ஒரு எலெக்ட்ரிக் வண்டி வரும், முப்பத்தோரு வருஷமாக அதே வண்டி, காவியும் மங்கின மஞ்சளும் பூசினது, கதவு சாத்தத் தெரியாதது, மழை பெய்தால் உள்ளேயும் கொஞ்சம் பெய்வது, ஆனாலும் ஒரு நாள் தவறாமல் அந்த மேட்டில் அரை நிமிஷம் நின்று, ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவளையும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா எடுப்பவளையும் ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவளையும் பாலர் பள்ளி டீச்சரம்மாவையும், எண்ணிப் பார்த்தால் நாற்பது பெண்களை, பெண்கள் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவது.

அந்தப் பெட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வேகம் குறையும்போதே கூடவே நடந்து, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, பெஞ்சின் மேல் கர்ச்சீப் போட்டுவிட்டால் அது பிடித்த இடம்; யாருக்காகப் போட்டதோ அவள்தான் வந்து அதை எடுத்து, உதறி, மடித்து, உட்கார வேண்டும், போட்டவளே ஆனாலும் கடைசி ஸ்டேஷன் வரும்வரை எடுக்கக் கூடாது, அவள் வராத நாளில் போட்டவள் எல்லார் காதிலும் விழும்படி "இன்னைக்கு வரல" என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு நிற்கிறவளில் ஒருத்தி அன்றைக்கு மட்டும் அந்தக் கர்ச்சீப்பின் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். சொல்லாவிட்டால் அந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள். இதை எங்கும் எழுதி ஒட்டவில்லை, மீறினவளும் யாரும் இல்லை.

வேதவல்லிக்கு எப்போதும் செங்கோல்மேரிதான் போடுவாள். வேதவல்லி லெவல் கிராஸிங்குக்கு அந்தப் பக்கத்துக்காரி, தண்ணி லாரிக்குக் குடம் வைத்துவிட்டு ஓடி வருகிறவள், நாற்பது பேரில் கடைசி ஆளாக ஏறுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். பொங்கல் கழித்து ஒரு நாள், அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில், அவளே துடைத்த தரையில் அவளே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அங்கேயே ஆபரேஷன் செய்து இரும்பு வைத்து அனுப்பினார்கள். வேலையில் விழுந்தவளை வேலைக்கு வராதவள் என்று கணக்கு வைத்துக்கொண்ட துப்புரவு கான்ட்ராக்ட்காரர், ஏப்ரல் ஒண்ணாந்தேதி காலை ஏழரைக்குள் வந்து மெஷினில் விரல் வைக்காவிட்டால் பேரை அடித்துவிடுவோம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். கட்டிலில் படுத்தபடியே வேதவல்லி செங்கோல்மேரியிடம் சொன்னது ஒன்றுதான்: "மேரி, என் எடத்த விட்டுடாத. வந்துருவேன்."

அவளும் விடவில்லை. தினமும் கர்ச்சீப் போட்டாள், தினமும் "வேதவல்லி இன்னைக்கு வரல" என்று சொன்னாள்.

பழைய வண்டிக்குக் கடைசி நாள் என்று ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள். எங்கள் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலை வண்டி வாழைமரம் கட்டிக்கொண்டு வந்தது, என்ன கல்யாணமோ என்று இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைக்கில் ஒருவர் ஏதேதோ பேசினார், படம் எடுக்கிறவர்கள் பெட்டிக்குள் ஏறி இவர்களை ஒதுங்கச் சொன்னார்கள், திங்கட்கிழமையிலிருந்து புது வண்டி, குளிர்பதன வண்டி, தானாகத் திறந்து தானாக மூடுகிற கதவு, ஆனால் தோணிமேட்டில் நிற்காது, ஏனென்றால் புது வண்டியின் நீளத்துக்கு உங்கள் பிளாட்பாரம் போதாது, மக்கள் வரத்தும் குறைவு என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெண்கள் எல்லார் கையிலும் அந்தத் தாள். முப்பத்தோரு வருஷமாக ஏறுகிறவர்கள் கையிலேயே மக்கள் வரத்துக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள், வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்தக் கலவரத்தில் செங்கோல்மேரி பழக்கத்தில் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டாள். சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்ல மறந்துவிட்டாள். வண்டி கிளம்பிப் பட்டணம் போய், அங்கிருந்து உடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கர்ச்சீப் தோணிமேட்டிலேயே, தண்டவாளத்துக்கு மேலே, உட்கார்ந்தால் இடுப்பு வருகிற உயரத்தில், ஊதாக் கட்டம் போட்ட நாலு மூலையும் விரிந்தபடி தங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கிராஸிங் கேட் திறக்கிறவர் அதைப் பார்த்தார். யாரோ இடம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். மற்ற வண்டிகளெல்லாம் அதனூடே போயின வந்தன, அது புகைக்குள் இருப்பது போல மறைந்து மறைந்து தெரிந்தது, ஒன்றையும் தடுக்கவில்லை. திங்கட்கிழமை ஆறு நாற்பத்திரண்டுக்குப் புது வண்டி வந்தது, வெள்ளை வெளேரென்று, மீன் மாதிரி மூக்கோடு, நிற்காமல் போகச் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டு அத்தனை வேகத்தில் வந்த வண்டி, கர்ச்சீப்பைப் பார்த்ததும், கூட்டமான பஸ்ஸில் காலி சீட்டு என்று பாய்ந்து வந்த ஆள் அதில் துணி கிடப்பதைப் பார்த்து நின்றுவிடுவது போல, ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது.

எங்கேயோ வேற்று தேசத்துத் தொழிற்சாலையில் செய்து கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, இந்த வழக்கம் தெரிந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

பதினோரு நிமிஷம் நின்றது. ஓட்டுகிறவர் எதை எதையோ அழுத்திப் பார்த்தார், கார்டு இறங்கி ஓடி வந்தார், உள்ளே இருந்த டை கட்டின ஒரு ஆள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, நிற்காது என்று தெரிந்தும் வழக்கம்போல மேட்டில் வந்து நின்ற இந்தப் பெண்களைப் பார்த்து வாயை அசைத்து அசைத்துத் திட்டினார், ஜன்னல் திறக்காத வண்டியானதால் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. காஜா எடுக்கிற தில்ஷாத், "இன்னா சொல்றாரு அவரு, மீன் கணக்கா வாய வாயத் தொறக்குறாரு" என்றாள். அப்போதுதான் செங்கோல்மேரிக்கு உறைத்தது. "ஐயோ மாதாவே, நான் சொல்ல மறந்துட்டேன்" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்து, "வேதவல்லி இன்னைக்கு வரல" என்றாள். சொன்ன உடனே வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, கர்ச்சீப்பின் மேலேயே நகர்ந்து போய்விட்டது. அது போன பிறகு பார்த்தால் கர்ச்சீப் அங்கேயே இருந்தது. கடைசி ஸ்டேஷன் வரை போகாத கர்ச்சீப்பாயிற்றே, அதை எடுக்க யாருக்கு உரிமை.

மறுநாளும் வண்டி வந்து நின்றது. செங்கோல்மேரி வாயைத் திறக்கப் போனாள். தில்ஷாத் எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"இருக்கா. நீ ஏன் அதுக்குள்ள தொறக்குற. மொதல்ல அவுங்க கதவத் தொறக்கட்டும்."

கார்டு உத்தரவு இல்லை என்றார். தில்ஷாத், "எங்களுக்கும் அவசரம் இல்ல சார்" என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஏழு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது, எல்லாரும் ஏறினார்கள், ஏறி முடிந்ததும் செங்கோல்மேரி உள்ளே இருந்து "வேதவல்லி இன்னைக்கு வரல" என்றாள், வண்டி கிளம்பியது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நடந்தது. செங்கோல்மேரிக்கு என் வயதுதான், ஐம்பத்து மூன்று, தெருவில் நாய் குறுக்கே வந்தால்கூட 'போப்பா' என்று சொல்லுகிறவள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்காக ஒன்பது பெட்டி வண்டி காத்து நின்றது.

ஊர் இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. பால் ஊற்றுகிறவர் "கர்ச்சீப்புக்கு முன்ன, கர்ச்சீப்புக்குப் பின்ன" என்று நேரம் சொல்ல ஆரம்பித்தார். டீச்சரம்மா பிள்ளைகளுக்கு சதுரம் என்றால் என்ன என்று காட்ட அழைத்துவந்து காட்டினார். நானும் போய்ப் பார்த்தேன், ஒரு காக்கை அதன் ஓரத்தில் உட்காரப் பார்த்துவிட்டு, யோசித்து, தள்ளிப் போய் மின்கம்பத்தில் உட்கார்ந்தது. பிறகு வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். ஒருவர் மகளுக்குக் காலேஜில் இடம் வேண்டும் என்று காலேஜ் வாசலில் கர்ச்சீப்பை விரித்து அந்தரத்தில் விட்டுப் பார்த்தார், அது கீழே விழுந்தது, மேலே நாய் படுத்துக்கொண்டது. இன்னொருவர் தாலுகா ஆபீஸில், இன்னொருவர் கட்சி ஆபீஸில் போட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் விழுந்தது. ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்கிற கன்னியம்மா, "துணிய மட்டும் போட்டா நிக்குமா, போடறதுக்கு இருவத்தி ரெண்டு வருசம் ஒருத்தி வேணும்ல" என்று சொல்லி அடுத்த ஈடு ஊற்றினாள்.

ஆனால் ஆபீஸ்காரர்கள் பழகிக்கொள்ளவில்லை. பெரிய ஆபீசர் ஒருவர் நாலு பேரோடு வந்தார். நீளக் கழியால் தள்ளிப் பார்த்தார்கள், கொக்கி போட்டு இழுத்தார்கள், கத்தரியால் வெட்டப் பார்த்தார்கள், கத்தரிதான் மழுங்கியது. ஆபீசர் செங்கோல்மேரியைக் கூப்பிட்டார்.

"இத யாரும்மா போட்டது?"

"நான்தான் சார்."

"எடுத்துடும்மா. எத்தன வண்டி லேட் ஆவுது தெரியுமா?"

"போட்டது நான் சார். எடுக்கறது நான் இல்ல. யாருக்குப் போட்டேனோ அவ வரணும்."

"அவங்க எங்க?"

"இடுப்புல இரும்பு வெச்சுப் படுத்திருக்கா."

"எப்ப வருவாங்க?"

"டாக்டரு நடக்கச் சொன்னா வருவா சார்."

அவர் கையில் இருந்த தாளில் எழுதினதை உதவியாளர் சத்தமாக வாசித்தார்: அடையாளம் தெரியாத தடை, ஊதா நிறம், ஒரு அடிக்கு ஒரு அடி. வேறெதற்கும் குரல் உயர்த்தாத செங்கோல்மேரி அதற்குத்தான் உயர்த்தினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். "தடைன்னு எழுதாதீங்க சார், அவளுக்குப் பேர் இருக்குது, வேதவல்லின்னு எழுதுங்க" என்றாளாம். அவர் எழுதவில்லை.

அன்று மாலையே வேதவல்லியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அந்தச் சந்துக்குள், தண்ணி இல்லை என்று பத்து மனு கொடுத்தும் ஒரு அதிகாரி கால் வைத்ததில்லை. வழுக்கி விழுந்தவள் செத்தாளா பிழைத்தாளா என்று கேட்க ஒரு ஆள் வந்ததில்லை. ஒரு வண்டி பத்து நிமிஷம் நின்றதும் ஆப்பிள் வந்தது, ஆரஞ்சு வந்தது, சக்கர நாற்காலி வந்தது. இதைச் சொல்லும்போது வாயில் வசவு வருகிறது, ஆண்டவர் மன்னிக்கட்டும். ஆபீசர், அம்மா, ஐந்து நிமிஷ வேலை, நாங்களே தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்து விடுகிறோம், கர்ச்சீப்பை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

வேதவல்லி கேட்டாள்: "எடுத்துட்டா வண்டி நிக்குமா சார்?"

"அத பரிசீலனைக்கு அனுப்பலாம்மா."

"அவ எடம் போட்டது நான் வேலைக்குப் போறதுக்கு. வேலைக்குப் போற அன்னைக்கு எடுத்துக்குறேன். ஆப்பிள எடுத்துட்டுப் போங்க, எனக்குப் பல் கூசும்."

மறுநாள் கான்ட்ராக்ட்காரரிடமிருந்து போன் வந்தது, நீ பொதுமக்களுக்கு இடைஞ்சல் பண்ணுகிறாயாமே என்று. யார் சொல்லி அவர் பேசினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேதவல்லி ஒண்ணாந்தேதி வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

இத்தனையும் வெளியாட்கள் செய்தது, பொறுத்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. மார்ச் முடிய நாலு நாள் இருக்கும்போது தில்ஷாத்தும் இன்னும் ஆறேழு பெண்களும் வேதவல்லியின் வீட்டுக்கு வந்தார்கள், செங்கோல்மேரியும் கூட வந்து கதவோரம் நின்றாள். அந்தப் பெண்கள் இரண்டு வாரமாக ராத்தூக்கம் கெட்டு யோசித்திருக்கிறார்கள். வேதவல்லி வராத வரைக்கும் வண்டி நிற்கும். வந்தால் கர்ச்சீப்பை எடுப்பாள், எடுத்தால் நிற்காது. நிற்காவிட்டால் அடுத்த ஸ்டேஷன் மூன்று மைல், கால்வாய்க்கரை சேற்றில் நடந்து போய் எட்டுக்கு முன்னால் எவளும் பட்டணம் சேர முடியாது.

தில்ஷாத் தரையில் உட்கார்ந்து வேதவல்லியின் காலைப் பிடித்துவிட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காத. நீ இன்னும் கொஞ்ச நாள் வராம இருந்தா நல்லாருக்கும்."

"எவ்ளோ நாளு?"

தில்ஷாத் மற்றக் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

"ஒண்ணாந்தேதி ஏழரைக்குள்ள நான் வெரல் வெக்கலன்னா பேர் அடிச்சுருவாங்க. தெரியும்ல ஒனக்கு."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிதான் கேக்குற."

"நாப்பது பேருக்கா."

"நாப்பதுல நான் இல்லியாடி?"

தில்ஷாத் அவள் காலை விடாமல் தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் ஐந்து மணிக்கு இரண்டு பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்குச் சோறு கட்டிவிட்டு ஓடி வருகிறவள் அவள், புருஷன் இல்லாதவள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவளை அப்படிக் கேட்க வைத்தவர்கள் யாரோ அவர்களைத்தான் சொல்ல வேண்டும். மெத்து சீட்டும் குளிர்காற்றும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதில் ஏற ஒருத்தியின் வாழ்க்கையைக் கொண்டுவா என்று இன்னொருத்தியிடம் கேட்க வைக்கிற ஏற்பாட்டை எந்தச் சாமி ஒத்துக்கொள்ளும்.

வேதவல்லி சொன்னாளாம்: "நான் இல்லாத எடத்துக்கு ஒம்போது பொட்டி வண்டி நிக்குது. இருவத்தி ரெண்டு வருசம் நான் ஓடியாந்து ஏறுனப்போ ஒருத்தன் கண்ணுலயும் படல. ஒரு துணிக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்லன்னா அதையும் பாத்துடறேன். ஒண்ணாந்தேதி வரேன். வண்டி நிக்கலன்னா என் மூஞ்சில காறித் துப்பு."

தில்ஷாத் எழுந்து போகும்போது வாசலில் இருந்த காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய், லாரியில் நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த நாலு நாளும் அவள்தான் வைத்தாள். செங்கோல்மேரி என்னிடம் வந்து ஜெபமாலை சொல்லச் சொன்னாள், சொன்னோம். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அவள் வர வேண்டும் என்றா, வராமலிருக்க வேண்டும் என்றா. கடைசியில் மாதாவிடம், உமக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்தோம்.

ஒண்ணாந்தேதி நானும் போயிருந்தேன். பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். பெரிய ஆபீசர் மாலையோடு வந்திருந்தார், படம் எடுக்கிறவர்களும் வந்திருந்தார்கள். வேதவல்லி கைத்தடி ஊன்றி, நீலப் புடவை கட்டி, சாப்பாட்டுப் பையைச் செங்கோல்மேரி கையில் கொடுத்துவிட்டு, கிராஸிங்கிலிருந்து அடி அடியாக நடந்து வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வண்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். ஆறு நாற்பத்திரண்டுக்கு வண்டி வந்து ஒரு முழம் தள்ளி நின்றது. கதவு மூடியே இருந்தது. அன்றைக்குத் திறக்கக் கூடாது, அவள் கர்ச்சீப்பை எடுத்த உடனே வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று மேலே இருந்து சொல்லி வைத்திருந்தார்கள். கார்டு பச்சைக் கொடியை விரித்துக் கையில் தயாராக வைத்திருந்ததைப் பார்த்தே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

"எடுங்கம்மா" என்றார் ஆபீசர்.

"கதவத் தொறப்பீங்களா சார்?"

"மொதல்ல எடுங்கம்மா. மத்தத பேசிக்கலாம்."

வேதவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய், ஒன்றுமில்லாத இடத்தில் கைத்தடியை நீட்டி ஊன்றினாள். டங்கென்று இரும்புத் தரையில் பட்ட சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. காலை எடுத்து வைத்தாள், அது நின்றது, மற்றக் காலையும் வைத்தாள். தண்டவாளத்துக்கு மேலே வெறும் ஆகாசத்தில் நாலடி நடந்து, கர்ச்சீப்பை எடுத்து, உதறி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தைப் பிடித்து மெதுவாக இடுப்பைத் தாழ்த்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்து மூச்சு விட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க, நேரமாவுதுல்ல, ஏறுங்க" என்றாள்.

முதலில் ஏறினது தில்ஷாத். பழைய வண்டியின் வாசலில் நெளிந்து கிடந்த தகட்டைத் தாண்டுவதற்கு எப்போதும் போல் காலைத் தூக்கி வைத்தாள். பின்னால் செங்கோல்மேரி, அவளுக்குப் பின்னால் டீச்சரம்மா, உடைந்த மின்விசிறிக் கூண்டு இருந்த இடத்தில் எல்லாரும் தலையைக் குனிந்து, அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள், மூன்று பேர் பெஞ்சில் நாலு பேராக நெருக்கிக்கொண்டார்கள், இடம் கிடைக்காதவர்கள் மேலே கையைத் தூக்கி இல்லாத வளையத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கார்டு கொடியைக் காட்டினார். கிளம்பினது இவர்கள்தான். கடகடவென்று பழைய சத்தத்தோடு, நாற்பது பெண்கள் அந்தரத்தில் உட்கார்ந்தும் நின்றும், முந்தானை காற்றில் அடிக்க, தண்டவாளத்தின் மேலே பட்டணத்தைப் பார்த்துப் போனார்கள். ஆபீசர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே ஓடி, "எறங்குங்க, இது சட்டவிரோதம், டிக்கெட் இருக்கா" என்று கேட்டார், "பாஸ் இருக்கு சார்" என்று நாற்பது பேரும் எடுத்துக் காட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்தப் புது வண்டி, முந்திப் போக வழியில்லாமல், தாய்ப்பசுவின் பின்னால் போகிற கன்று மாதிரி, அவர்கள் நின்ற ஸ்டேஷனில் எல்லாம் நின்று, கிளம்பினால் கிளம்பி, கடைசி வரை தொடர்ந்து போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஏழு இருபத்தாறுக்கு வேதவல்லி போய் நின்றபோது, அவளுடைய வேலைச் சட்டையை ஒரு புதுப்பெண் கையில் மாட்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர், "நீ வரமாட்டேன்னு சொன்னாங்களே" என்றார். "யார் சொன்னது, எனக்கு எடம் போட்டவ இருக்கா, அவ சொன்னாத்தான் நான் வரல" என்று சொல்லி வேதவல்லி மெஷினில் விரல் வைத்தாள். மெஷின் அவள் பேரைச் சொன்னது. புதுப்பெண்ணையும் திருப்பி அனுப்ப விடாமல், மாடி வார்டுக்கு ஆள் இல்லாமல் கிடக்கிறதே என்று வாதாடி அங்கே நிற்க வைத்துவிட்டுத்தான் வாளியைத் தொட்டாள்.

ஒன்பது நாள் இப்படிப் போனார்கள். நடுவில் ஒரு நாள் கோடை மழை கொட்டியது, புது வண்டி நனைந்து வந்தது, இவர்கள் மேல் பழைய ஓட்டைக் கூரைக்குப் பெய்கிற அளவுதான் பெய்தது. பத்தாம் நாள் உத்தரவு வந்தது. ஆறு நாற்பத்திரண்டு வண்டி தோணிமேட்டில் சோதனை முறையில் ஒரு நிமிஷம் நிற்கும், பெண்கள் பெட்டியின் கதவு திறக்கும், பிளாட்பாரத்தைப் பலகை போட்டு நீட்டுவார்கள். வேதவல்லி புது வண்டியில் ஏறி உட்கார்ந்தாள், நாற்பது பேரும் ஏறினார்கள். பழைய வண்டிதான் வேண்டும் என்று அவர்கள் யாரும் கேட்டதில்லையே, வேர்வை இல்லாமல் வேலைக்குப் போவது யாருக்குத்தான் கசக்கும். அவர்கள் கேட்டது நிற்கிற வண்டி. இது கிண்ணம் கிண்ணமாகத் தனித்தனி சீட்டு வைத்த வண்டி, நெருக்கி உட்கார முடியாது, அதனால் பாதிப் பேர் நின்றுகொண்டே போகிறார்கள், அதற்கு வேறு ஒரு நாள் பேச வேண்டும்.

இப்போது இருக்கிற குறை சாயங்கால வண்டி. ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பட்டணத்திலிருந்து திரும்புகிற அந்த வண்டி இன்னும் தோணிமேட்டில் நிற்பதில்லை. அங்கே காலி வண்டியில் ஏறுவதால் சாயங்காலத்தில் யாரும் யாருக்கும் இடம் போட்டதில்லை, அதனால் அதை நிறுத்த அந்தரத்தில் ஒன்றும் இல்லை. இடுப்பில் இரும்போடு வேதவல்லி தன் வீட்டுக் கூரை கண்ணாடிக்கு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தில்ஷாத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, கால்வாய்க்கரையில் மூன்று மைல் நடந்து வருகிறாள். கேட்கப் போனால், உங்கள் உத்தரவில் காலை என்றுதான் இருக்கிறது, மாலைக்குத் தனியாக மனு கொடுங்கள் என்கிறார்கள்.

கொடுக்கத்தான் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறேன். தாளின் மேலே டீச்சரம்மா மனுவை எழுதியிருக்கிறார், நிதானமாக வாசித்துப் பாருங்கள், சாயங்கால வண்டியும் நிற்க வேண்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் அந்த வண்டியில் போகிறவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதுவரை நூற்றுப் பதினாறு பேர் போட்டாயிற்று, நூற்றுப் பதினேழாவது வரியில் உங்கள் பேரை எழுதி, ஊரையும் எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.